பேர் எழுதாத பெட்டி

"இது என்னோடது!"

"எது?"

"உங்க கையில இருக்கறது! அந்தத் தோள்... அந்தச் சாய்வு... எல்லாமே என்னோடது. எங்கேருந்து எடுத்தீங்க?"

பக்கத்து மேசைக்காரன் தன் விரலிடுக்கில் இருந்த தோட்டாவைப் பார்த்தான். பிறகு நிதானமாக அவளைப் பார்த்தான். சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... மழை வரப்போகும் மலையின் நிறம். சே, சண்டை போடும்போது கண்ணின் நிறமெல்லாம் எதற்கு என்று மார்னி தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"மேடம், இதை என் பட்டறையில ரெண்டு வருஷமா உட்கார்ந்து நானே செஞ்சேன்."

"நானும்தான் ரெண்டு வருஷமா செஞ்சேன்!"

தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவன் தோட்டாவுக்குப் பக்கத்தில் நீட்டினாள். ஒட்டிப்பிறந்த இரட்டையர் போல நின்றன இரண்டும். துப்பாக்கி சுடும் களத்தில் மற்ற மேசைகளில் இருந்தவர்கள்கூடச் சுடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் வேறு... ஹார்லோட்டனில் இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு ஏது?

மார்னி ஹல்வர்சனுக்கு வயது முப்பத்தொன்று. பில்லிங்ஸ் பல் டாக்டர்களுக்கு வீட்டிலிருந்தே செயற்கைப் பல் செய்து அனுப்புவது அவள் தொழில். ஆனால் உயிர் இருப்பது இதில்தான். கடையில் விற்கும் தோட்டாவை அவளால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. வெறும் பித்தளைக் கூட்டை மட்டும் வாங்கி, மேலே சரியும் அதன் தோளைப் பின்னுக்குத் தள்ளி, குண்டைக் கவ்வும் கழுத்தைக் குறுக்கி, தன் மனதில் இருக்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவாள். அந்த வடிவத்துக்கு ஏற்பத் துப்பாக்கிக் குழலின் உட்புறத்தையும் குடைய வேண்டும். எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இல்லாத இந்த மாதிரித் தோட்டாவுக்கு மொன்டானாக்காரர்கள் 'வைல்ட்கேட்' என்பார்கள். காட்டுப்பூனை. வளர்த்தவனுக்கு மட்டும்தான் அடங்கும்.

கல்யாணம் வரைக்கும் வந்த ஒருத்தன், "ஒரு தோட்டாவை ரெண்டு வருஷமா இழைக்கறவ என்னை எந்தக் காலத்துல கவனிப்ப?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். போகட்டும். இந்தத் தோட்டாவாவது தனக்கே தனக்கு என்று இருந்தாள். இப்போது பார்த்தால் இதற்கும் ஒரு பங்காளி...

"உங்க ரீமரை யார் கடைஞ்சு குடுத்தது?" என்று கேட்டாள். குழலைக் குடைகிற கருவி அது. அதன் படத்தைப் பார்த்தவனுக்குத் தோட்டாவின் முழு ரகசியமும் தெரிந்துவிடும்.

"ஐடஹோவுல வெண்டெல்னு ஒருத்தர்."

மார்னிக்குச் சுர்ரென்று ஏறியது. அவளுடையதைக் கடைந்ததும் அதே வெண்டெல்தான்.

"அப்படியா சேதி! என் படத்தைக் காட்டி விலை பேசிட்டாரா? எவ்வளவு குடுத்தீங்க?"

"அதையே நானும் கேட்கலாம்ல? நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

"நானா? நான் ஏன்..."

"உங்களோடது கழுத்து தடிமன் எவ்வளவு? சொல்லுங்க, பார்த்துடுவோம்."

"அதையும் தெரிஞ்சுக்கணுமாக்கும்!"

"பயப்படாதீங்க. என் குழல்ல கழுத்து எவ்வளவு இறுக்கம் தெரியுமா? முடி நுழைய இடம் கிடையாது. அந்த அளவுக்கு இழைக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது" என்று அவன் பெருமையடித்தான்.

பொறுமை இல்லையாம். தனக்கு! மார்னி வாயைத் திறந்தாள். அதற்குள் வானம் திறந்துகொண்டது.

ஜூன் மாதத்து ஆலங்கட்டி. கோலிக்குண்டு கோலிக்குண்டாகத் தகரக் கூரையில் விழுந்து காதைக் கிழித்தது. அவரவர் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு பின்னாலிருந்த கொட்டகைக்கு ஓடினார்கள். அவளும் துப்பாக்கியை மார்போடு அணைத்து, நீலப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

கொட்டகைக்குள் மூச்சு வாங்கி நின்றபோது, அவள் துப்பாக்கியின் மேல் யாரோ கோட்டைப் போர்த்தினார்கள். அவன்தான். ஓரமாக வந்த சாரல் அவள் தோளை நனைத்தது... அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கோட்டு முழுக்கத் துப்பாக்கிக்குத்தான்.

"குழல் நனைஞ்சா பாவம்" என்றான்.

"நான் நனைஞ்சா?"

"நீங்க துரு பிடிக்க மாட்டீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆண்கள் அவளுக்குக் கோட்டு நீட்டியிருக்கிறார்கள்... அவள் துப்பாக்கிக்கு நீட்டியவன் இவன் ஒருத்தன்தான். கட்டை விரலில் அவளுக்கு இருப்பது போலவே பித்தளைக் கறை. கழுத்தோரம் சொட்டும் மழைநீர். இந்தத் திருட்டுப்பயலுக்கு இவ்வளவு நல்ல சிரிப்பு இருக்க வேண்டாம்.

"மழை விட்டதும் வீட்டுக்குப் போறேன். ஏழு மணிக்கு மேல காத்து அடங்கும். அங்க என் கொட்டாய்க்குப் பின்னாடி உட்கார்ந்து இந்தப் பெட்டியில இருக்கற அம்பதையும் சுட்டுப் பார்க்கப் போறேன்" என்றான் அவன். "யாரோடது நேரா போகுதுன்னு ஒருநாள் சேர்ந்து பார்க்கலாமே? உங்க பேர் சொல்லுங்க."

"எதுக்கு? அதையும் காப்பியடிக்கவா?"

அவன் முகம் சுருங்கியது. கோட்டை எடுத்துக்கொண்டான். சற்று நேரத்தில் அவனுடைய பழைய பச்சை பிக்கப் சேற்றை வாரியடித்துக்கொண்டு போயிற்று. வண்டி நம்பர் எட்டில் தொடங்கியது. மொன்டானாவில் எட்டு என்றால் வடக்கே இருக்கும் ஃபெர்கஸ் மாவட்டத்துக்காரன். அதற்கு மேல் அவனைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது... தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு வீட்டில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் மார்னி. பெட்டியைத் திறந்தாள். ஈரம் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கை பழக்கத்தில் ஒன்றின் கழுத்தை மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகினாள்.

அளவு தப்பாக வந்தது.

இன்னொன்று. அதுவும் அதே தப்பு. இஞ்சில் ஆயிரத்தில் மூன்று பங்கு குறைவு. இந்த அளவுக்கு மெலிதாக அவள் எதையும் இழைத்ததே இல்லை.

திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிரயோஜனம் இல்லை. கூடு செய்த கம்பெனியின் முத்திரைதான் அங்கே இருந்தது. அவளுடையதிலும் அதேதான் இருக்கும். மூடியைப் பார்த்தாள். வெறும் நீல பிளாஸ்டிக். ஒரு எழுத்து கிடையாது.

மூடியில் பேரும் அளவும் வெடிமருந்தும் எழுதி ஒட்ட வேண்டும். தோட்டா செய்கிற எவனுக்கும் அது முதல் பாடம். அவள் ஒட்டுவதில்லை. எழுதி ஒட்டினால் பக்கத்து மேசைக்காரன் படித்துவிடுவானே! அந்தப் பயத்தில் இரண்டு வருடமாக வெற்றுப் பெட்டி. அவனும் அதே பயத்தில்... அதே நீலப் பெட்டி.

அப்படியானால் ஆலங்கட்டியில் ஓடும்போது அவள் அள்ளியது அவன் பெட்டியை. அவளுடைய ஐம்பதும் எங்கே?

'முடி நுழைய இடம் கிடையாது' என்றானே... சுடும்போது கழுத்து கொஞ்சமாவது விரிந்தால்தான் குண்டை விடும். விரிய இடமே இல்லாமல் அவளுடைய தடித்த கழுத்து அவன் குழலில் மாட்டிக்கொண்டால்? உள்ளே எரியும் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. பின்பக்கம் வெடிக்கும். பின்பக்கத்தில் இருப்பது அவன் முகம்.

தோட்டா உள்ளே போகாமலாவது இருக்குமா? போகும். அதுதான் கொடுமை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூடும்போது லேசாக இறுகும். ஆலங்கட்டி ஈரம் என்று நினைத்து அழுத்தி மூடிவிடுவான்.

சுவர்க் கடிகாரம் ஆறு பத்து. ஏழு மணிக்கு மேல காத்து அடங்கும்...

பேர் கேட்டானே பாவி! சொல்லித் தொலைத்திருந்தால் அவன் பேரும் தெரிந்திருக்குமே! அவனைத் தெரிந்த ஒரே ஆள் வெண்டெல். படத்தை விற்ற துரோகி என்று மத்தியானம் முழுக்க மனதுக்குள் திட்டிய அதே வெண்டெல். நம்பரை அழுத்தினாள்.

"வெண்டெல், நான் மார்னி. ஹார்லோட்டன்."

"சொல்லும்மா. ரீமர் மழுங்கிடுச்சா?"

"இல்ல. என்னோடது மாதிரியே இன்னொருத்தருக்கும் கடைஞ்சு குடுத்தீங்கல்ல? அவர் பேரு, போன் நம்பர் வேணும். உடனே வேணும்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கடைசல் இயந்திரம் நின்றது.

"தர மாட்டேன்" என்றார் வெண்டெல்.

"என்னது?"

"இருபத்தெட்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். ஒருத்தர் படத்தை இன்னொருத்தருக்குக் காட்டினதில்ல. ஒருத்தர் பேரை இன்னொருத்தர்கிட்ட சொன்னதும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒரு மாசம் முன்ன பின்ன ஒரே படத்தை வரைஞ்சு அனுப்பினீங்க. கழுத்து ஒண்ணுதான் வேற. எனக்கே சிரிப்பு தாங்கல. அப்பக்கூட வாயைத் திறந்தேனா? நீ அழுதாலும் சொல்ல மாட்டேன்."

அப்படியானால்... அவன் திருடவில்லை. எங்கோ நாற்பது மைல் தள்ளி இன்னொரு மேசையில் இன்னொரு விளக்கடியில், அவள் நினைத்ததையே அவனும் நினைத்திருக்கிறான். அவ்வளவுதான். அவனைத்தான் ஊர் பார்க்கத் திருடன் என்றாள்.

வெட்கப்பட நேரமில்லை. மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள். பெட்டி மாறியது, பேர் எழுதாதது, ஏழு மணி...

"ஐயோ" என்றார் வெண்டெல். "அவனோடது ரொம்ப இறுக்கமாச்சே! போனை வை. நான் கூப்பிட்டுப் பார்க்கறேன்."

ஏழு நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகமாக நகர்ந்தது. வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் போனுக்குமாக நடந்தாள். மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தாள்.

"எடுக்க மாட்டேங்கறான்மா. சுடறதுக்காகக் காதுல மூடியை மாட்டியிருப்பான். ஷெரீப் ஆபீசுக்கும் சொன்னேன். ஆலங்கட்டியில லாரி ஒண்ணு கவுந்து, இருக்கற ஆளெல்லாம் அங்க நிக்கறாங்களாம். எழுதிக்க. எம்மெட் ராஸ்க். மூர் ஊருக்கு மூணு மைல் முன்னாடி கிழக்கால ஒரு மண் ரோடு, சிவப்புக் கொட்டாய்." பிறகு சொன்னார். "இருபத்தெட்டு வருஷத்துல இதான் முதல் தடவை. சீக்கிரம் போம்மா."

எம்மெட். எம்மெட் ராஸ்க். வண்டியைக் கிளப்பும்போது அந்தப் பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மத்தியானம் கேட்டிருந்தால் எவ்வளவு லேசாகக் கிடைத்திருக்கும்...

வடக்கே போகும் சாலையில் வேகமுள் அவள் இதுவரை பார்க்காத இடத்தில் நின்றது. கோதுமை வயல்கள் ஆலங்கட்டியில் அடிபட்டுப் படுத்திருந்தன. ஜூடித் கேப் வந்தது. வருடம் முழுக்கக் காற்று ஓயாத இடம். சாலையோரம் தொண்ணூறு காற்றாலைகளாவது இருக்கும்.

எல்லாம் மெதுவாகச் சுற்றின.

'நிக்காதே... இன்னிக்கு மட்டும் நிக்காதே...' காற்றிடம் கெஞ்சினாள். குறி விலகாமல் இருக்கக் காற்று நிற்க வேண்டும் என்று இத்தனை வருடமாக வேண்டிக்கொண்டவள் அவள். இன்றைக்கு ஒவ்வொரு காற்றாலையும் அவள் கண்ணெதிரிலேயே தளர்ந்தது. கடைசி வரிசை அசையாமல் நின்றுவிட்டது. ஆறு ஐம்பத்திரண்டு.

அந்தக் கண்கள்... சாம்பலும் பச்சையும்... அதை நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னால் இனி ஒரு தோட்டாவைத் தொட முடியாது. தொடுவது கிடக்கட்டும், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியாது. அழுகை முட்டியது. அழுதால் சாலை தெரியாது என்று அதையும் விழுங்கினாள்.

மண் சாலை. சிவப்புக் கொட்டாய். பச்சை பிக்கப்.

கொட்டாய்க்குப் பின்னால், புல்வயலை நோக்கிப் போட்ட மேசையில் அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். காதில் மூடி, தோளில் துப்பாக்கி, கண் தொலைநோக்கியில். எதிரே வயலில் காற்றுப் பார்க்க நட்டிருந்த ஆரஞ்சு ரிப்பன்கள் ஒன்றுகூட ஆடவில்லை.

ஹாரனை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். அவன் அசையவில்லை. வண்டியை விட்டிறங்கி ஓடலாமா? அவனுக்கும் அவளுக்கும் நடுவில் பாசனக் கால்வாய், ஆலங்கட்டி நீர் விளிம்பு வரை ஓடியது. காலால் சுற்றிக்கொண்டு போக மூன்று நிமிடம். அவ்வளவு நேரம் இல்லை.

இடது கைப்பக்கம், கால்வாயின் மேல் ஒரு சின்னப் பாலமும், அதைத் தாண்டி வயலுக்குள் போகும் கம்பிக் கதவும் இருந்தன. மேசைக்கும் குறிப்பலகைக்கும் நேர் நடுவில்.

சுடுகிறவன் முன்னால் போகாதே. நடக்கப் பழகும்போதே இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது அது. மார்னி அந்த விதியை இதுவரை மீறியதில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தாள். கம்பிக் கதவு படாரென்று முறிந்தது. ஈரப் புல்லில் வழுக்கி, ரிப்பன்களை நசுக்கி, அவன் குழலுக்கு நேர் எதிரே போய் வண்டி குறுக்காக நின்றது.

கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. அவனையே பார்த்தாள்.

அவன் துள்ளி எழுந்தான். இரண்டு கையையும் துப்பாக்கியிலிருந்து தூக்கினான். காது மூடியைப் பிடுங்கி வீசினான்.

"பைத்தியமா உனக்கு? செத்திருப்பே! நடுவுல வண்டியை விடறே... செத்திருப்பே!"

"போல்ட்டைத் திற!" அவள் இறங்கி ஓடி வந்துகொண்டே கத்தினாள். "முதல்ல போல்ட்டைத் திற எம்மெட்!"

தன் பேரைக் கேட்டதும் அவன் திகைத்துப்போனான். போல்ட்டைப் பிடித்தான். வரவில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டிய பிறகுதான் மேலேறியது. தோட்டா வெளியே வந்து மேசையில் உருண்டது. அதன் கழுத்தைச் சுற்றி, குழல் அழுந்திய இடத்தில், பளபளவென்று ஒரு வளையம்.

மார்னி சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தாள். இரண்டு தடவை தவறிற்று. மூன்றாவது தடவை அவன் அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தான். இருவரும் சேர்ந்து அந்த அளவைப் படித்தார்கள்.

"என்னோடது" என்றாள். "பெட்டி மாறிப்போச்சு. நான் பேர் எழுதல. யாராவது படிச்சுடுவாங்கன்னு... என் தப்பு. மத்தியானம் பேசினதும் தப்பு. வெண்டெல் யாருக்கும் எதையும் காட்டல. நீங்க திருடல. இது எத்தனாவது? இதுக்கு முன்னாடி எத்தனை சுட்டீங்க?"

"இதுதான் முதல்." அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். "விரல் ட்ரிகர்லதான் இருந்துச்சு. காத்து நின்னுதா, மூச்சை அடக்கினேன். அப்பதான் எதிர்ல ஒரு பிக்கப்..."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் பொலபொலவென்று கொட்டியது. அவன் தடுக்கவில்லை.

அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"உங்களுக்கு அறிவு இருக்கா? போல்ட் இறுகிச்சுல்ல? அவ்வளவு அளவு பார்த்து இழைக்கற ஆளுக்கு அது தெரியலையா? ஒரு கத்துக்குட்டிகூட அந்த இடத்துல நிறுத்தியிருப்பான்!"

"தெரிஞ்சுச்சு."

"அப்புறம் ஏன் மூடினீங்க?"

அவன் ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றினான். அவிழ்த்தான். மறுபடி சுற்றினான்.

"கவனம் இங்க இல்ல" என்றான்.

"வேற எங்க இருந்துச்சு?"

"ஹார்லோட்டன்ல. ஒரு தகரக் கொட்டகையில." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "மத்தியானத்துலேருந்து உங்களையேதான் நினைச்சுட்டிருக்கேன். பேர்கூடத் தெரியாது. ஆனா இந்த உலகத்துல இன்னொரு ஆள் ராத்திரி பகலா உட்கார்ந்து இதே வடிவத்தைக் கனவு கண்டிருக்காங்கன்னு... போல்ட் இறுகினப்பக்கூட அதைத்தான் நினைச்சேன்."

இந்த மனிதன் இன்றைக்குச் செத்திருப்பான். தன் தோட்டாவால், தன்னை நினைத்துக்கொண்டே...

"மார்னி" என்றாள்.

"ம்?"

"என் பேரு. மார்னி ஹல்வர்சன்."

"மார்னி" என்று அவன் மெல்லச் சொன்னான்.

"கேளுங்க. துப்பாக்கி கையில இருக்கும்போது இனிமே என்னை நினைக்கக் கூடாது. ஒரு நொடிகூடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா." அவன் உதடு துடித்தது, சிரிப்பா பயமா என்று தெரியாமல். "மத்த நேரத்துல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பது மைல் தூரம் அவளை விரட்டி வந்த பயம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அது இறங்கும் வரைக்கும் அவன் கையை விடப்போவதில்லை என்று முடிவு செய்தாள். கட்டை விரலில் பித்தளைக் கறை படிந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மத்த நேரத்துல நான் இங்கதான் இருப்பேன், எம்மெட். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க உயிரோட இருக்கணும்."